ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஒரே நாளில் கோட்டைகள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி இதுதான். கணவனும் மனைவியும் வேலை விஷயமாக ஃபிராங்க்ஃபர்ட்டில் தங்கியிருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை முழுதாகக் கிடைக்கிறது. கார் இல்லை, இருவரும் சைவம். நொய்ஷ்வான்ஸ்டைன், எல்ட்ஸ், ஹைடல்பெர்க், ரைன் கரைக் கோட்டைகள் என்று நான்கு பெயர்களை எழுதி, “இதில் ஒரே நாளில் எத்தனை முடியும்?” என்று கணவர் கேட்டிருக்கிறார்.

ஒன்றுதான் முடியும், அது ரைன். ஆனால் அந்த ஒன்றிலேயே ஒரு டஜனுக்கு மேல் கோட்டைகளைக் கண்ணால் பார்த்து, இரண்டுக்குள் நுழைந்து சுற்றிவிட்டு, ராத்திரி எட்டு மணிவாக்கில் அறைக்குத் திரும்பிவிடலாம்.

மற்ற மூன்றைப் பட்டியலிலிருந்து ஏன் அடிக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நொய்ஷ்வான்ஸ்டைன் ஆஸ்திரிய எல்லையை ஒட்டி ஆல்ப்ஸ் அடிவாரத்தில் இருக்கிறது. மியூனிக்கிலிருந்தே ஃப்யூசன் வரை ரயிலில் இரண்டு மணி நேரம். அங்கிருந்து பேருந்து, அப்புறம் மலை மேல் அரை மணிக்கு மேல் நடை. ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து புறப்பட்டால் ஒரு வழிக்கே ஆறு மணி நேரம் போய்விடும். உள்ளே வழிகாட்டியோடு சுற்றுவது சுமார் அரை மணி நேரம், படம் எடுக்க அனுமதி இல்லை. பன்னிரண்டு மணி நேரம் பயணம் செய்து அரை மணி நேரம் பார்ப்பதை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அதுவும் பழைய கோட்டை என்று நினைத்துப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம் காத்திருக்கிறது. 1869-இல் அடிக்கல் நாட்டிய கட்டடம் அது. பவேரிய மன்னன் இரண்டாம் லுட்விக்குக்காக முதல் ஓவியங்களைப் போட்டவர் கிறிஸ்டியான் யாங்க் என்ற நாடக மேடை வடிவமைப்பாளர். செங்கல் சுவர் எழுப்பி வெளியே கல் போர்த்தியது. சூடான காற்றால் அறைகளைச் சூடேற்றும் அமைப்பு, குழாய்த் தண்ணீர், மின்சார அழைப்புமணி எல்லாம் அப்போதே உண்டு. மன்னன் 1886 ஜூனில் செத்துப்போனான். ஏழு வாரத்திலேயே கட்டணம் வாங்கி மக்களை உள்ளே விட ஆரம்பித்துவிட்டார்கள். அழகான இடம்தான், சந்தேகமே இல்லை. மியூனிக்கில் தங்கும்போது, நேரம் குறித்த சீட்டை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு போங்கள்.

ஹைடல்பெர்க் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவு. ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினால்கூடப் போதும், அதற்கு ஒரு முழு நாளைச் செலவழிக்க வேண்டாம். எல்ட்ஸ் விஷயம் வேறு. எண்ணூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிற, ஒருமுறைகூட அழியாத கோட்டை அது. பழைய ஐந்நூறு மார்க் நோட்டில் அதன் படம்தான் இருந்தது. ஆனால் மோசெல்கெர்ன் நிலையத்தில் இறங்கி, காட்டுக்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்துதான் போய்ச் சேர வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை பூட்டிவிடுவார்கள். அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

சரி, ரைனுக்கு வருவோம். பிங்கனிலிருந்து கோப்ளென்ஸ் வரை சுமார் 65 கிலோமீட்டர் தூரம் ஆறு மலைகளுக்கு நடுவே ஒடுங்கி ஓடுகிறது. 2002 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் பகுதி. இந்தத் துண்டில் மட்டும் கோட்டைகளும் இடிபாடுகளுமாக நாற்பது இருக்கும். இவ்வளவு நெருக்கமாக ஏன் கட்டினார்கள் என்பது தெரிந்தால், படகில் உட்கார்ந்திருக்கும்போது பார்ப்பதெல்லாம் வேறு மாதிரி தெரியும். காரணம் சுங்கம். அந்தக் காலத்தில் சரக்கு போவது ஆற்றில்தான். இரு பக்கமும் செங்குத்தான மலை, சுற்றிக்கொண்டு போக வழி கிடையாது. எதிரோட்டத்தில் வரும் படகுகளைக் கரையிலிருந்து குதிரை கட்டி இழுத்தார்கள், அதனால் நிறுத்துவதும் சுலபம். மலைமேல் ஒரு கோட்டை, கீழே கரையில் ஒரு சுங்கச்சாவடி. பேராயர், இளவரசர், சின்னப் பிரபு என்று ஆளாளுக்கு ஒன்று வைத்துக்கொண்டார்கள். வியாபாரி ஒவ்வோர் இடத்திலும் கட்டிவிட்டுத்தான் நகர வேண்டும்.

இந்தச் சுங்கத்தில் கொழுத்தவர்களில் ஒரு குடும்பத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: காட்ஸெனெல்ன்போகன் பிரபுக்கள். நாக்கு சுளுக்கும் பெயர், ஆனாலும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அன்றைய நாள் முழுக்க இவர்களோடுதான். ரைன்ஃபெல்ஸ், காட்ஸ், மார்க்ஸ்பர்க் மூன்றுமே இவர்களுடையவை. முதலாவது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது, இரண்டாவது தகர்க்கப்பட்டபின் திரும்பக் கட்டப்பட்டது, மூன்றாவது அப்படியே நிற்கிறது. நான் மைன்ஸில் இருப்பதால் ஊரிலிருந்து யார் வந்தாலும் இந்த வரிசையில்தான் கூட்டிப்போவது வழக்கம். வெவ்வேறு ஆட்கள் கட்டிய ஐந்து கோட்டைகளை அவசரமாகப் பார்த்தால் சாயங்காலத்துக்குள் எல்லாம் குழம்பிவிடும். ஒரே வீட்டுக்காரர்களின் மூன்றைப் பார்த்தால் குழம்பாது.

காலையில் எட்டு மணிவாக்கில் ஃபிராங்க்ஃபர்ட் மத்திய நிலையத்தில் வலக்கரைப் பாதையில் போகும் வட்டார ரயிலைப் பிடியுங்கள். வீஸ்பாடன் வழியாக ஒன்றேகால் மணி நேரத்தில் ரூடெஸ்ஹைம் வந்துவிடும். ஊருக்குள் டிரோசெல்காசே என்று ஒரு சந்து இருக்கிறது, எல்லாரும் அங்கேதான் போவார்கள். ஒயின் கடைகளும் நினைவுப்பொருள் கடைகளும்தான், விட்டுவிடலாம். நேராகப் படகுத்துறைக்குப் போய் சங்க்ட் கோவாருக்குச் சீட்டு வாங்குங்கள். ஆற்றோட்டத்தோடு போகும் படகு என்பதால் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான். இதையே திருப்பிப் போட்டு எதிரோட்டத்தில் வந்தால் நேரம் கணிசமாக இழுக்கும். காலைப் படகைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இடக்கரைக் கோட்டைகள் கிழக்குப் பார்த்தவை, காலை வெயில் அவற்றின் முகத்தில் விழும். மேல்தளத்தில் முன்பக்கம் இடம் பிடித்துக்கொண்டால் இரு கரையும் தெரியும். கோடையிலும் ஆற்றுக்காற்று சில்லென்று அடிக்கும், மனைவிக்கு ஒரு சால்வையோ மெல்லிய ஜாக்கெட்டோ இருக்கட்டும்.

புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் வலப்பக்கம் திராட்சைத் தோட்டச் சரிவில் ஏரன்ஃபெல்ஸ் இடிபாடு, அதற்கு நேரே ஆற்றுக்குள் ஒரு சின்னத் தீவில் எலிக்கோபுரம். பஞ்சத்தில் ஏழைகளை எரித்துக் கொன்ற ஹாட்டோ என்ற பேராயரை எலிகள் இந்தக் கோபுரத்தில் வைத்துத் தின்றன என்பது ஊர்க்கதை. உண்மையில் இதுவும் சுங்கக் காவல் கோபுரம்தான். ஏரன்ஃபெல்ஸ் மைன்ஸ் பேராயர்களின் சுங்கக் கோட்டை, கோபுரம் அதற்கு ஆற்றிலிருந்த கண்.

அடுத்து இடக்கரையில் ரைன்ஸ்டைன், ரைக்கன்ஸ்டைன், சோனெக் என்று வரிசையாக வரும். மூன்றும் முழுதாக, கச்சிதமாக, படத்தில் வரைந்தது மாதிரி இருக்கும். அவ்வளவு கச்சிதமாக இருந்தாலே கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். 1815-க்குப் பிறகு இந்தப் பகுதி பிரஷ்யாவிடம் வந்தது. பழைய ராஜாக்களின் கோட்டைகள்மேல் மோகம் பிடித்த பிரஷ்ய இளவரசர்களும் பணக்காரர்களும் இடிபாடுகளை வாங்கித் தங்கள் ரசனைக்குக் கட்டிக்கொண்டார்கள். ரைன்ஸ்டைனை இளவரசர் ஃபிரீட்ரிக் 1825 முதல் 1829 வரை கட்டினார், ரைன் கரையில் இப்படி எழுந்த முதல் கோட்டை அது. அதே சமயத்தில்தான் கொலோனுக்கும் மைன்ஸுக்கும் நடுவே நீராவிப் படகுப் போக்குவரத்து ஆரம்பித்தது, 1827-இல். இந்த இரண்டும் சேர்ந்துதான் இன்றைய ரைன் சுற்றுலாவைப் பெற்றெடுத்தன.

பாகராக்குக்கு மேலே ஷ்டாலெக். இப்போது இளைஞர் விடுதி, குறைந்த செலவில் கோட்டைக்குள் தூங்கலாம். அதைத் தாண்டிக் காவ்ப் ஊருக்கு எதிரே நடு ஆற்றில் ஃபால்ஸ்கிராஃபன்ஸ்டைன் வரும்போது கேமராவைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்குள் நிற்கும் ஒரு கல் கப்பல் மாதிரி இருக்கும், முனை எதிரோட்டத்தைப் பார்த்து. பனிக்கட்டியும் வெள்ளமும் மோதிப் பிளந்து போவதற்காக அப்படிக் கட்டியது. 1327 வாக்கில் பேரரசர் பவேரிய லுட்விக் சுங்கத்துக்காகவே எழுப்பியது, 1860-கள் வரை இங்கே வசூல் நடந்தது. ஐந்நூறு வருடத்துக்கு மேல்! ஒருமுறைகூட அழிக்கப்படவில்லை. 1813-இன் கடைசி இரவில் பிரஷ்யத் தளபதி புளூகர் இந்தத் தீவை நடுப்புள்ளியாக வைத்து மிதவைப் பாலம் போட்டுத்தான் நெப்போலியனைத் துரத்திக்கொண்டு ஆற்றைக் கடந்தார்.

ஓபர்வேசலில் ஷோன்பர்க், இப்போது விடுதி. திருமணநாள் மாதிரி ஏதாவது வந்தால் அங்கே ஓர் இரவு தங்கலாம், ஆனால் விலை கையைக் கடிக்கும். அப்புறம் லோரலை. நீர்மட்டத்துக்கு மேல் 132 மீட்டர் எழும் பாறை, படகில் அதற்கென்று பாட்டுப் போடுவார்கள், எல்லாரும் எழுந்து நிற்பார்கள். பார்க்க ஒரு பாறை, அவ்வளவுதான். நான் அந்த நேரத்தில் ஆற்றைத்தான் பார்ப்பேன். குறுகி, ஆழமாகி, வளைந்து, சுழித்து ஓடும். இன்றும் இந்த வளைவுகளில் எதிரே கப்பல் வருகிறதா என்று சொல்லக் கரையில் விளக்கு சமிக்ஞைகள் உண்டு. 2011 ஜனவரியில் கந்தக அமிலம் ஏற்றிவந்த வால்ட்ஹோஃப் என்ற கப்பல் இங்கேதான் கவிழ்ந்தது, மாலுமிகள் இருவர் இறந்தார்கள். பாறைமேல் உட்கார்ந்து தலைமுடி வாரிப் பாடி, மாலுமிகளை மயக்கிப் படகைக் கவிழ்க்கும் லோரலை தேவதையின் கதை சும்மா பிறக்கவில்லை.

லோரலையைக் கடந்ததும் வலப்பக்கம் மேலே காட்ஸ், இடப்பக்கம் சற்றுத் தள்ளி ரைன்ஃபெல்ஸ். நம் பிரபுக்கள் ஆற்றின் இரு கரையிலும் உட்கார்ந்து இடுக்கியில் பிடித்த மாதிரி வசூல் செய்த இடம் இதுதான். காட்ஸை 1806-இல் நெப்போலியன் படைகள் தகர்த்தன, 1890-களில் திரும்பக் கட்டினார்கள். இப்போது தனியார் சொத்து, உள்ளே விடமாட்டார்கள். படகிலிருந்து பார்ப்பதோடு சரி.

சங்க்ட் கோவாரில் இறங்கி, ஏதாவது வாயில் போட்டுக்கொண்டு, ரைன்ஃபெல்ஸுக்கு ஏறுங்கள். ஏற்றம் செங்குத்து, ஆனால் இருபது நிமிடம்தான். 1245-இல் ஐந்தாம் டீத்தர் பிரபு கட்டியது. பத்தே வருடத்தில் சுங்கத்தை ஏற்றினான், ரைன் நகரங்கள் கூட்டுச் சேர்ந்து படையெடுத்து வந்து ஒரு வருடத்துக்கு மேல் முற்றுகையிட்டன. கோட்டை விழவில்லை. 1692-இல் பதினான்காம் லூயியின் படை, சுமார் 28,000 பேர், வந்து முட்டிப் பார்த்தது. அப்போதும் விழவில்லை. ரைன் கரையின் மற்றக் கோட்டைகள் பலவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் கொளுத்தித் தள்ளிய போர் அது. அப்பேர்ப்பட்ட கோட்டையை 1794-இல் பிரெஞ்சுப் புரட்சிப் படையிடம் ஒரு குண்டுகூடச் சுடாமல் விட்டுக்கொடுத்துவிட்டார்கள். வந்தவர்கள் அடுத்த சில வருடங்களில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிச்சக் கல்லை ஊர்க்காரர்களும் மற்றவர்களும் கட்டட வேலைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள்.

இப்போது அது மலை முழுக்கப் பரந்து கிடக்கும் சுவர்கள், வளைவுகள், கூரையில்லாத அறைகள். வழிகாட்டி இல்லாமல் நீங்களாகவே சுற்றலாம், அதுதான் இதன் சுகம். முற்றுகையிட வருபவர்களைத் தரைக்கடியிலிருந்தே வெடிவைத்துத் தூக்குவதற்காகத் தோண்டிய சுரங்கவழிகள் இங்கே இருக்கின்றன. சில இடங்களில் குனிந்துதான் போக வேண்டும், இருட்டு கும்மென்று இருக்கும், கைபேசி விளக்கை நம்பாமல் ஒரு டார்ச் எடுத்துப்போங்கள். திறந்திருக்கும் பகுதி அவ்வப்போது மாறும். 2029-இல் ஜெர்மனியின் தேசியத் தோட்டக் கண்காட்சி இந்தப் பள்ளத்தாக்கில் நடக்கப்போவதால் ஆங்காங்கே திருப்பணி நடக்கிறது. கிளம்பும் முன் கோட்டையின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இறங்கி வந்து ஆற்றைக் கடக்க வேண்டும். மைன்ஸுக்கும் கோப்ளென்ஸுக்கும் நடுவே பாலமே கிடையாது, இவ்வளவு வளர்ந்த நாட்டில் இது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். பாலம் கட்டலாமா, காட்சி கெட்டுவிடுமா என்று பல வருடமாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் கார்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு ஒரு சின்னப் படகு ஓயாமல் அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வருகிறது. கொஞ்சம் சில்லறை கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் சங்க்ட் கோவார்ஸ்ஹவுசன், அங்கிருந்து வட்டார ரயிலில் அரை மணிக்குள் பிராவ்பாக்.

மேலே தெரிவதுதான் மார்க்ஸ்பர்க். ரைனின் இந்தப் பகுதியில் மலைமேல் கட்டிய கோட்டைகளில் ஒருபோதும் அழியாதது இது ஒன்றுதான். 1283-இல் காட்ஸெனெல்ன்போகன் கைக்கு வந்தது. 1479-இல் அந்த வம்சம் ஆண்வாரிசு இல்லாமல் முடிந்ததும் இங்கும் ரைன்ஃபெல்ஸிலும் ஹெஸ்ஸே ஆட்சியாளர்கள் உட்கார்ந்தார்கள். பின்னாளில் சிறையாகவும் ஊனமுற்ற படைவீரர்களின் இல்லமாகவும் கிடந்து தேய்ந்த கட்டடத்தை, 1900-இல் ஜெர்மன் கோட்டைகள் சங்கம் ஆயிரம் மார்க்குக்கு வாங்கியது. சங்கத்தைத் தொடங்கியவர் போடோ எப்ஹார்ட் என்ற கட்டடக் கலைஞர். இன்றும் சங்கத்தின் அலுவலகம் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது.

உள்ளே வழிகாட்டியோடுதான் விடுவார்கள், ஐம்பது நிமிடம். ஆங்கிலத்தில் நாளுக்குச் சில முறைதான், நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பொருந்தவில்லை என்றால் ஜெர்மன் குழுவோடு போய்விடுங்கள், கையில் மொழிபெயர்ப்புத் தாள் கொடுப்பார்கள். வாயில்களைத் தாண்டியதும் பாறையையே வெட்டிச் செய்த ஏறுபாதை ஒன்று வரும். குதிரைகள் ஏறுவதற்கான படிகள் அவை. ஒன்று உயரம், ஒன்று தாழ்வு, ஒன்று சாய்வு, இத்தனை நூற்றாண்டுத் தேய்மானத்தில் வழவழவென்று. மழை பெய்திருந்தால் பார்த்துக் கால்வைக்க வேண்டும். பக்கத்துச் சுவரில் இதுவரை ஆண்ட குடும்பங்களின் சின்னங்களை வரிசையாக வரைந்திருப்பார்கள், நம் பிரபுக்களையும் அதில் தேடிப்பிடிக்கலாம்.

அப்புறம் ஆற்றைக் குறிவைத்து நிற்கும் பீரங்கிகள், மூலிகைத் தோட்டம், ஒயின் நிலவறை, ஆள் உள்ளே நிற்கும் அளவுக்கு அடுப்புள்ள சமையலறை. மேல்தளக் கூடத்தில் கழிப்பறையைக் கவனியுங்கள். சுவரிலிருந்து வெளியே துருத்திக்கொண்டிருக்கும் ஒரு மாடம், கீழே ஓட்டை, அதற்குக் கீழே வெட்டவெளி. விருந்து நடக்கும் அறையிலேயே அது இருக்கிறது. ஜனவரிக் குளிரில் அங்கே உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தால் ராஜவாழ்க்கைமேல் உள்ள ஆசை கொஞ்சம் குறையும். கதவுகள் தாழ்வு, அறைகள் சின்னவை, ஜன்னல்கள் அதைவிடச் சின்னவை, கூடத்தைத் தவிர எங்குமே தாராளமாக ஒன்றும் கிடையாது. நொய்ஷ்வான்ஸ்டைனைப் பின்னால் எப்போதாவது பார்க்கும்போது இந்த அறைகள் கட்டாயம் ஞாபகம் வரும். ஜப்பானின் மியாகோ தீவில் இதே மார்க்ஸ்பர்க்கைப் பார்த்து அச்சாக ஒன்று கட்டி வைத்திருக்கிறார்கள், அது ஒரு தனிக்கதை.

முட்டிவலி உள்ளவர்களுக்கு மார்க்ஸ்பர்க் கஷ்டம். கீழிருந்து வாகனம் பிடித்து மேல் நிறுத்தம்வரை போனாலும், உள்ளே படியும் கரடுமுரடான தரையும்தான். அப்படி யாராவது உடன் வந்தால் இரண்டு கோட்டைகளையும் விட்டுவிட்டுப் படகுப் பயணத்தைக் கோப்ளென்ஸ்வரை நீட்டிக்கொள்வது நல்லது.

சாப்பாடு. பள்ளத்தாக்கு ஊர்களில் சைவம் கிடைக்கும், ஆனால் கேட்டு வாங்க வேண்டும். முட்டை சாப்பிடுபவர்கள் என்றால் ஆப்பிள் கூழோடு வரும் உருளைக்கிழங்கு அடையை நம்பிச் சாப்பிடலாம். ஷ்பெட்ஸ்லே என்ற முட்டை நூடுல்ஸ், சீஸ் போட்டது, பல இடங்களில் உண்டு. ஃபிளாம்கூகன் என்ற மெல்லிய ரொட்டியும் வெங்காயக் கேக்கும் பார்வைக்குச் சைவமாகத் தெரியும், ஆனால் பெரும்பாலும் பொடிப்பொடியாகப் பன்றி இறைச்சி தூவியிருப்பார்கள். மதியம் நேரம் இறுக்கமாக இருப்பதால் இரண்டு பேருக்கும் ஏதாவது கட்டி எடுத்துப்போவதே உத்தமம். ஒயின் குடிப்பவர்கள் என்றால் ரீஸ்லிங் வாங்குங்கள். அந்தத் திராட்சையைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்று 1435-ஆம் ஆண்டுக் கணக்குக் குறிப்பு ஒன்று. ரீஸ்லிங் கொடிகளை வாங்கியதாக எழுதி வைத்தது யாருடைய கணக்கில் என்று நினைக்கிறீர்கள்? அதே காட்ஸெனெல்ன்போகன் வீட்டுக் கணக்கில்தான்.

பயணச்சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. உங்களிடம் மாதாந்திர டாய்ச்லாண்ட் டிக்கெட் இருந்தால் ரயிலுக்குத் தனியாக எதுவும் வேண்டாம். இல்லையென்றால் மாநில நாள்சீட்டை வாங்கும்போது எல்லையைக் கவனியுங்கள். ஃபிராங்க்ஃபர்ட்டும் ரூடெஸ்ஹைமும் ஹெஸ்ஸே மாநிலம், சங்க்ட் கோவாரும் பிராவ்பாக்கும் ரைன்லாந்து-ஃபால்ஸ். நாடு முழுவதும் வட்டார ரயில்களில் செல்லும் நாள்சீட்டு ஒன்றும் உண்டு, இருவராகப் போகும்போது அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 2026-இன் இரண்டாம் பாதியில் வலக்கரை ரயில்பாதையைச் சில மாதங்கள் மூடிப் புதுப்பிக்கத் திட்டம் இருக்கிறது. அந்தச் சமயம் போவதாக இருந்தால் காலையில் இடக்கரை ரயிலில் பிங்கன் போய் அங்கே படகேறுங்கள், பிராவ்பாக்குக்குக் கோப்ளென்ஸ் வழியாகப் பேருந்தில் வரலாம்.

படகுகள் பொதுவாக ஏப்ரலிலிருந்து அக்டோபர் கடைசி வரைதான் ஒழுங்காக ஓடும். இந்த மாதங்களில் மார்க்ஸ்பர்க்கின் கடைசிச் சுற்று மாலை ஐந்து மணிக்கு. பிராவ்பாக்கில் நான்கு மணிக்குள் இறங்கிவிட்டால் பதற்றமில்லாமல் ஏறலாம். ரைன்ஃபெல்ஸ் சுரங்கத்தில் நேரம் போனது தெரியாமல் தாமதமாகிவிட்டால் மார்க்ஸ்பர்க்குக்கு ஓட வேண்டாம். சங்க்ட் கோவாரிலேயே ஆற்றோரமாக உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, இடக்கரை ரயிலில் மைன்ஸ் வந்து மாறிக்கொள்ளுங்கள். மார்க்ஸ்பர்க் கிறிஸ்துமஸ் சமயத்தில் இரண்டு நாள் மூடுவதைத் தவிர வருடம் முழுவதும் திறந்திருக்கிறது, குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை அதற்கென்றே போய்வரலாம்.